கால் நரம்பு புடைத்துவிட்டது, வேலையை விட்டுவிடலாமா?

வாசகியின் கேள்வி:

எனக்கு வயது 26. கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் இதய அறுவை சிகிச்சைப் பிரிவில் பிசிஷியன் அசிஸ்டெண்டாக, அதாவது மருத்துவரின் மேற்பார்வையில் அவருக்கு உதவியாளராக, இருக்கிறேன். படிப்பை முடித்து நான்கு வருடம் ஆகிறது. காலை 7 மணிக்கு ஐசியூ ரவுண்ட்ஸ், பிறகு ஆபரேஷன் தியேட்டர், மாலையில் வார்டு, டிஸ்சார்ஜ் சம்மரி என்று நாள் ஓடிவிடுகிறது. பைபாஸ் நடக்கும் நாட்களில் மணிக்கணக்கில் நின்றபடி வேலை. வீட்டுக்கு வரும்போது இரண்டு கணுக்காலும் வீங்கியிருக்கின்றன. இடது முழங்காலுக்குக் கீழே நீல நரம்பு புடைத்துக்கொண்டு தெரிகிறது. இடுப்பு வலி விடுவதே இல்லை. தியேட்டரிலிருந்து இடையில் வெளியே போக முடியாது என்பதால் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. போன வருடம் மூன்று முறை சிறுநீர்த் தொற்று வந்தது. மாதத்தில் பல நாட்கள் நைட் டியூட்டி. அது முடிந்தால் பகலில் தூக்கம் வருவதில்லை. எடையும் கூடிவிட்டது. வீட்டில், "நீ டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, எதற்கு இந்தப் பாடு? விட்டுவிட்டு எம்.பி.ஏ. படி" என்கிறார்கள். உடன் படித்தவர்கள் அமெரிக்கா போகலாம் என்கிறார்கள். நாள் முழுக்க நோயாளிகளுக்கு ஆரோக்கிய ஆலோசனை சொல்கிற எனக்கு யாராவது ஆலோசனை சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தில் உடம்பும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன. வேலையை விட்டால் உடம்பு சரியாகிவிடும் என்று நீங்களே பாதி முடிவுக்கு வந்துவிட்டீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தூக்கமில்லாமல், கால் வீங்கி, சிறுநீர் எரிச்சலோடு நாளைத் தள்ளுகிற ஒருவர் எந்தத் தொழிலைப் பற்றியும் நியாயமான முடிவுக்கு வர முடியாது. மூன்று மாதம் உடம்பைப் பாருங்கள். அதுவரை ராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம்.

நானும் உங்களைப் போல இதய அறுவைப் பிரிவில் நெடுங்காலம் வேலை செய்தவள். இப்போது சென்னையில் புதிதாக வருகிற பிள்ளைகளுக்குப் பயிற்சி தருகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு தொல்லையையும் அவர்களிடமும் பார்க்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் இதில் மாட்டுகிறார்கள். யாரையும் எதிர்பார்க்காமல் எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கிறவர்கள் அவர்கள்தானே.

காலிலிருந்து தொடங்குகிறேன். பைபாஸில் உங்கள் முதல் வேலை என்ன? அடைபட்ட இதயக் குழாய்க்கு மாற்றுவழி போட, மருத்துவர் நெஞ்சைத் திறக்கும் நேரத்தில் நீங்கள் நோயாளியின் காலிலிருந்து சிரையை, அதாவது நாம் பேச்சில் நரம்பு என்கிற இரத்தக் குழாயை, எடுக்கிறீர்கள். எடுத்த சிரைக்குள் திரவத்தைச் செலுத்திப் பார்க்கும்போது, ஒரு முனையிலிருந்து செலுத்தினால் தடையின்றி ஓடுகிறது. மறுமுனையிலிருந்து செலுத்தினால், ஒருவழிக் கதவைப் போன்ற வால்வு இருக்கும் இடத்தில் உப்பி நின்றுவிடுகிறது. அதனால்தான் அதைத் தலைகீழாகத் திருப்பி இதயத்தில் வைத்துத் தைக்கிறோம். அந்தச் சின்னஞ்சிறு வால்வுகள் என்ன பாடுபடுகின்றன என்பதை உங்களைப் போலக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அதே வால்வுகள்தான் உங்கள் காலிலும் இருக்கின்றன.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் அருகே சிரைக்குள் இருக்கும் அழுத்தம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரசம். நடக்க ஆரம்பித்தால் கெண்டைக்கால் தசை இரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. அழுத்தம் 30-க்கு அருகில் இறங்கிவிடுகிறது. ஆகவே உங்களைக் கெடுப்பது நிற்பது அல்ல, அசையாமல் நிற்பது. வார்டில் நாள் முழுக்க நடக்கிற செவிலியரின் காலும், காயத்தை விரித்துவைக்கும் ரிட்ராக்டர் கருவியைப் பிடித்தபடி சிலைபோல் நிற்கிற உங்கள் காலும் ஒரே மாதிரி களைப்பதில்லை. அறுவை மேசை அருகே நிற்கும்போது குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றுங்கள். கை ஆடாமல் காலை மட்டும் அசைக்க ஒரு வாரத்தில் பழகிவிடும். காலுக்குப் பதில் கையிலிருந்து ரேடியல் தமனி என்ற இரத்தக் குழாயை எடுக்கும் நாட்களில் உட்கார்ந்தே எடுக்கலாம். ஸ்டூல் போடச் சொல்ல எந்தக் கூச்சமும் வேண்டாம்.

அழுத்தக் காலுறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம் ஆட்களே தவறு செய்கிறார்கள். வார்டு அலமாரியில் இருக்கிற வெள்ளைக் காலுறையை எடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். அது படுத்திருக்கும் நோயாளிக்கு இரத்தம் உறையாமல் இருப்பதற்கானது. நின்று வேலை செய்கிற காலுக்கு அந்த அழுத்தம் போதாது. கணுக்காலின் மெலிந்த இடத்தையும் கெண்டைக்காலின் பருத்த இடத்தையும் காலை எழுந்தவுடன், வீக்கம் வருவதற்கு முன், அளந்து அதற்கேற்ற முழங்கால் அளவுக் காலுறையை வாங்குங்கள். வீக்கத்துக்கு மட்டும் என்றால் 15 முதல் 20 மில்லிமீட்டர் அழுத்தமே பெரும்பாலும் போதும். டியூட்டிக்குக் கிளம்பும் முன் போட்டுக்கொள்ள வேண்டும். வீங்கிய பிறகு மாலையில் இழுத்து மாட்டுவதால் பயன் குறைவு. இரவில் கழற்றிவிடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்குங்கள். துவைத்துத் துவைத்து இறுக்கம் போன காலுறை வெறும் துணிதான்.

ஆனால் உங்களுக்குப் புடைத்த நரம்பு கண்ணுக்கே தெரிகிறது. அதனால் காலுறை வாங்கும் முன், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் ஒன்று எடுங்கள். எந்த வால்வு கசிகிறது என்று தெரிந்தால்தான் எவ்வளவு அழுத்தம் வேண்டும், லேசர் போன்ற சிகிச்சை தேவையா என்று இரத்தநாள அறுவை மருத்துவர் சொல்ல முடியும். உங்கள் மருத்துவமனையிலேயே அப்படி ஒருவர் இருப்பார். தாழ்வாரத்தில் மடக்கி, "சார், என் காலைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்பதோடு முடித்துக்கொள்ளாதீர்கள். ஓ.பி. சீட்டு போட்டு, வரிசையில் உட்கார்ந்து, நோயாளியாகவே போய்க் காட்டுங்கள். தாழ்வார ஆலோசனையில் யாரும் உங்களைப் படுக்க வைத்துப் பரிசோதிப்பதில்லை, எழுதியும் வைப்பதில்லை.

ஒரே ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்காலில் வலியோடு சூடாக இருந்தால் அது வேறு கதை. உள்ளே ஆழமான சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். வீட்டு விசேஷம், கோயில் என்று மாதவிடாயைத் தள்ளிப்போட மாத்திரை போடும் பழக்கம் நம் பெண்களிடம் நிறைய இருக்கிறது. அந்த மாத்திரைகளும் இரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிரை புடைக்கும் வெரிகோஸ் தொல்லை இருக்கிற நீங்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொட வேண்டாம்.

இடுப்பு வலிக்கு நான் முதலில் பார்ப்பது மேசையின் உயரத்தை. மேசை எப்போதும் அறுவை மருத்துவரின் உயரத்துக்கு வைக்கப்படுகிறது. அவர் ஆறடி, நீங்கள் ஐந்தடி என்றால் தோளைத் தூக்கியபடியும், கால் பக்கம் வரும்போது வளைந்தபடியும் வேலை செய்வீர்கள். நிற்பதற்குப் படிப்பலகை ஒன்றைப் போடச் சொல்லுங்கள். காயத்தைத் தைக்கும்போது தலையை எவ்வளவு குனிகிறீர்கள் என்று உடன் நிற்கும் செவிலியரிடம் கேளுங்கள்; நமக்கே அது தெரியாது. அரை மணிக்கு ஒருமுறை, ஸ்க்ரப் (அறுவைக்காகக் கை கழுவிக் காத்த சுத்தம்) கெடாமல், கையை மார்புக்கு முன்னால் கட்டியபடி தோளைப் பின்னால் தள்ளி நிமிருங்கள். சில விநாடிகள் போதும். நாள் முழுக்க நிற்பதே உடற்பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வயிறு, முதுகு, தொடைத் தசைகளுக்குப் பயிற்சி கொடுங்கள்; யோகாசனமோ ஜிம்மோ எதுவானாலும் சரி. அந்தத் தசைகள்தான் ஆறு மணி நேரப் பைபாஸில் உங்களைத் தாங்குகின்றன.

தண்ணீர் விஷயத்தில் உங்கள் மீது எனக்குக் கோபமே வருகிறது. ஒரு வருடத்தில் மூன்று முறை என்றால் அது மருத்துவக் கணக்கில் திரும்பத் திரும்ப வரும் தொற்று. ஒவ்வொரு முறையும் என்ன செய்தீர்கள்? பார்மசியில் தெரிந்த பையனிடம் ஒரு ஸ்ட்ரிப் ஆன்டிபயாடிக் வாங்கி மூன்று நாள் போட்டிருப்பீர்கள். மருத்துவமனை ஊழியர்கள் தமக்குத் தாமே மருந்து எழுதிக்கொள்வது போன்ற கெட்ட பழக்கம் வேறில்லை. அடுத்த முறை எரிச்சல் வந்தால் மருந்துக்கு முன், எந்தக் கிருமி என்று கண்டறியும் சிறுநீர் கல்ச்சர் பரிசோதனைக்குக் கொடுங்கள். இப்போதே சர்க்கரைப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள். ஸ்க்ரப் செய்யும் முன் கழிவறைக்குப் போவது, கையுறை போடுவதைப் போல மாறாத வழக்கமாக வேண்டும். கால் காயத்தைத் தைத்து முடித்த பிறகு பெரும்பாலான பைபாஸ்களில் உங்களுக்குப் பத்து நிமிடம் கிடைக்கும். அப்போது வெளியே வந்து தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். இதை மருத்துவரிடமும் தியேட்டர் பொறுப்புச் செவிலியரிடமும் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிட்டால் தினமும் கெஞ்ச வேண்டியதில்லை. நான் பார்த்தவரை, கேட்ட பிறகு மறுத்த அறுவை மருத்துவர்கள் மிகக் குறைவு. கேட்காமலே தவித்த பெண்கள்தான் அதிகம்.

நைட் டியூட்டிக்கு வருவோம். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கவனமும் வேகமும், 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 50 மில்லி கிராம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகின்றன என்று 1997-ல் வெளியான ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் விழித்திருந்தால் அது 100 மில்லி கிராமுக்குச் சமம். நம் நாட்டில் 30 மில்லி கிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டுவது குற்றம். இப்போது சொல்லுங்கள், நைட் டியூட்டி முடிந்து காலை 8 மணிக்கு ஸ்கூட்டரில் அவிநாசி சாலையில் போகிற நீங்கள் எந்த நிலையில் போகிறீர்கள்? டியூட்டி முடிந்ததும் ஓய்வறையில் இருபது முப்பது நிமிடம் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்புங்கள். இல்லையென்றால் பஸ் அல்லது ஆட்டோ. இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

பகலில் தூக்கம் வராததற்குப் பாதிக் காரணம் விடியற்காலையில் குடிக்கிற டீ. காபி, டீயின் வேகம் உடம்பில் பல மணி நேரம் நிற்கும். கடைசி டீ இரவு 2 மணியோடு முடியட்டும். வீட்டுக்குப் போகும்போது வெயில் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் விடிந்துவிட்டது, விழித்துக்கொள் என்று மூளைக்குத் தகவல் போய்விடும். அறையை இருட்டாக்குங்கள். கடைசி நைட் முடிந்த நாளில் மட்டும் முழுப்பகலும் தூங்காமல் இரண்டு மணி நேரத்தோடு எழுந்து, அன்றிரவு வழக்கமான நேரத்தில் படுங்கள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தீர்வு பணிப்பட்டியலில் இருக்கிறது. ஒருநாள் விட்டு ஒருநாள் நைட் வருவதைவிட, இரண்டு மூன்று நைட் சேர்ந்து வந்து பிறகு முழு ஓய்வு கிடைப்பது நல்லது. இரவுப் பணியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-லேயே புற்றுநோயை உண்டாக்கக்கூடியவற்றின் பட்டியலில் சேர்த்து, 2019-ல் மறுபடியும் உறுதிசெய்தது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. உங்கள் துறைத் தலைவரிடம் பட்டியலை மாற்றக் கேட்கும்போது கையில் ஒரு காரணம் இருக்கட்டும்.

எடை பற்றி நீங்கள் கவலைப்படுகிற அளவுக்கு நான் கவலைப்படவில்லை. தூக்கமும் தண்ணீரும் சரியானால் பாதி தானே இறங்கும். நள்ளிரவு கேன்டீன் பரோட்டாவை நிறுத்துங்கள். டியூட்டிக்கு வரும் முன் 8 மணிக்குள் இரவு உணவை முடித்துவிட்டு, நடுவில் சுண்டலோ வேகவைத்த முட்டையோ மோரோ போதும். இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் மட்டும் என்னைவிட நீங்களே அதிகம் கவலைப்பட வேண்டும். ஹீமோகுளோபினும் பாருங்கள். நம் நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. களைப்புக்கெல்லாம் டியூட்டியே காரணம் என்று எழுதிவிடக் கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமிக்குத் தடுப்பூசி போட்ட பிறகு உங்கள் உடம்பில் உருவான எதிர்ப்பு அளவு என்ன? அந்த எண் தெரியுமா? புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் முதல் நாள் நான் கேட்கிற கேள்வி இது. பலர், "மூன்று டோஸும் கல்லூரியிலேயே போட்டுவிட்டார்கள் அக்கா" என்று சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். மூன்று டோஸ் போட்ட எல்லோருக்கும் எதிர்ப்பு உருவாவதில்லை. ஆன்டி-எச்பிஎஸ் என்ற இரத்தப் பரிசோதனையில் 10-க்கு மேல் இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் இன்னொரு டோஸ் போட்டு ஒரு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

எங்கள் பயிற்சிப் பெண் ஒருத்திக்குக் கால் காயம் தைக்கும்போது ஊசி குத்தியது. கையுறைக்குள் சிவப்பாக ஒரு புள்ளி. அவள் யாரிடமும் சொல்லாமல் மேலே இன்னொரு கையுறையைப் போட்டுக்கொண்டு தைக்கத் தொடங்கினாள். மேசையை விட்டு விலகினால் திட்டு விழும் என்ற பயம். எதிரில் இருந்த செவிலியர் பார்த்துவிட்டுச் சொல்ல, உடனே வெளியே அழைத்துவந்து சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வைத்தோம். விரலைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது, ஸ்பிரிட் ஊற்றவும் கூடாது. தொற்றுத் தடுப்புச் செவிலியரிடம் பதிவு, நோயாளியின் இரத்தப் பரிசோதனை முடிவுகள், அவளுடைய இரத்த மாதிரி எல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தன. எச்ஐவி இருக்கிற நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 1000-க்கு சுமார் 3தான். ஆனால் தடுப்பு மருந்து தேவைப்பட்டால் முதல் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டினால் பயனில்லை. 28 நாள் தொடர வேண்டும். ஹெபடைடிஸ் பி-யில் எதிர்ப்பு இல்லாதவருக்கு அந்த வாய்ப்பு நூற்றுக்கு முப்பது வரை போகும். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டாவது கையுறை என் மனதை விட்டுப் போகவில்லை. மேசையை விட்டு விலகும் உரிமை உங்களுக்கு உண்டு. ஒரு நிமிடம் ரிட்ராக்டரைப் பிடிக்க வேறு கை கிடைக்கும்.

இனி தொழிலுக்கு வருகிறேன். "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை" என்று வீட்டில் சொல்வது உங்களைக் காயப்படுத்தியிருக்கிறது, எழுத்திலேயே தெரிகிறது. அவர்களுக்கு இந்தத் தொழிலின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில் 1965-ல் டாக்டர் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவப் பணி செய்து திரும்பிய நான்கு பேரைச் சேர்த்து இந்தப் படிப்பைத் தொடங்கினார். மருத்துவர் பற்றாக்குறையும், கையில் அனுபவம் இருந்தும் பட்டம் இல்லாத திறமைசாலிகளும் ஒரே நேரத்தில் அவர் கண்ணில் பட்டார்கள். இந்தியாவில் அது வேரூன்றிய இடம் நம் சென்னைதான். 1975-ல் இந்தியாவின் முதல் பைபாஸ் அறுவை சிகிச்சையைச் செய்த டாக்டர் கே.எம். செரியன், மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் மருத்துவமனையில் 1992-ல் இந்தப் படிப்பைத் தொடங்கினார். நீங்கள் நிற்கிற இதய அறுவைப் பிரிவிலிருந்துதான் நம் தொழிலே இங்கே பிறந்தது. இன்று தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இந்தப் பட்டப்படிப்பு நடக்கிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்தின் பட்டியலில் பிசிஷியன் அசோசியேட் என்ற பெயரில் நாமும் இருக்கிறோம். மாநில கவுன்சிலில் பதிவு செய்வது பற்றிய அறிவிப்புகளைக் கவனித்துவாருங்கள். பட்டச் சான்றிதழ், பயிற்சிக் காலச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வையுங்கள்.

தொழில் அங்கீகாரம் வளர்கிற நேரத்தில் இன்னொரு ஆபத்தும் வளர்கிறது, அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இரவில் டியூட்டி டாக்டர் இல்லாத இடத்தில் பிசிஷியன் அசிஸ்டெண்டை நிறுத்திச் சமாளிக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மருந்து எழுதுவதும், டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் இடத்தில் கையெழுத்துப் போடுவதும் நம் வேலை அல்ல. நோயாளியின் வரலாற்றை எழுதுவது, பரிசோதிப்பது, மருத்துவருக்குத் தெரிவிப்பது, அவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியதைச் செய்வது, குடும்பத்தாருக்கு விளக்குவது என்று நம் வேலையே மலைபோல இருக்கிறது. போனில் சொன்ன மருந்து உத்தரவை எழுத நேர்ந்தால், உங்கள் மருத்துவமனை விதி அனுமதிக்கிறதா என்று பார்த்து, திரும்பப் படித்துக்காட்டி, நேரம் குறித்து, மருத்துவரின் கையெழுத்தைக் காலையிலேயே வாங்கிவிடுங்கள். நடு இரவில் நோயாளியின் இரத்த அழுத்தம் இறங்குகிறது, கேட்பதற்கு ஆள் இல்லை என்கிற நிலை தூக்கத்தைக் கெடுப்பதைப் போல வேறெதுவும் கெடுக்காது. உங்கள் தூக்கமின்மையில் இதற்கும் பங்கு இருந்தால், எத்தனை இருட்டுத் திரை போட்டாலும் சரியாகாது. உங்கள் பணிகளின் வரையறையை மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கிற இடமாக இருந்தால், மாற வேண்டியது மருத்துவமனை; தொழிலை விட வேண்டியதில்லை.

பிரிவு மாறலாமா என்றால், மாறலாம். ஆஞ்சியோகிராம் செய்யும் கேத் லேப் பக்கம் பலர் போகிறார்கள். ஆனால் அங்கே எக்ஸ்ரே கதிரிலிருந்து தப்பிக்கப் பல கிலோ எடையுள்ள ஈயக் கவசத்தைப் போட்டபடி நிற்க வேண்டும். இடுப்பு சரியாகாமல் போகாதீர்கள். உங்கள் கால் நிலைக்கு இதயச் செயலிழப்பு கிளினிக், அறுவைக்கு முந்தைய பரிசோதனைப் பிரிவு, மருத்துவ ஆராய்ச்சி ஒருங்கிணைப்பு, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பு ஆகியவை பொருந்தும். மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பெறும் திட்டம் 2008 முதல் தமிழ்நாட்டில் முறையாக நடக்கிறது. இரவில் கூப்பிட்டாலும் ஓட வேண்டிய வேலைதான், ஆனால் அசையாமல் நிற்கிற வேலை அல்ல. தியேட்டரை விட மனமில்லை என்றால் எண்டோஸ்கோப் மூலம், அதாவது சிறு துளை வழியே கேமராவை விட்டு, சிரை எடுக்கும் முறையைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளிக்கு நீளமான கால் காயம் இருக்காது, திரையைக் கண் மட்டத்தில் வைத்தால் உங்கள் கழுத்துக்கும் நல்லது, அடுத்த மருத்துவமனையில் சம்பளம் பேசவும் அது கைகொடுக்கும். எம்.பி.ஏ. படிப்பதில் தவறில்லை, மருத்துவமனை நிர்வாகத்தில் உண்மையான ஈடுபாடு இருந்தால். கால் வலிக்கிறது என்பதற்காக மட்டும் படிக்க வேண்டாம்.

அமெரிக்கா பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே பிசிஷியன் அசிஸ்டெண்டாக வேலை செய்ய, அங்கீகாரம் பெற்ற அமெரிக்கப் படிப்பை முடித்து அவர்களுடைய தேசியத் தேர்வில் தேற வேண்டும். நம் ஊர் பட்டத்தை வைத்துக்கொண்டு அந்தத் தேர்வை எழுத முடியாது. போனால் முதலிலிருந்து படிக்க வேண்டும், கட்டணமும் மிக அதிகம். பிரிட்டனில் 2024 டிசம்பர் முதல் இந்தத் தொழிலை மருத்துவக் கவுன்சிலே ஒழுங்குபடுத்துகிறது. அங்கே நம்மவர்களின் பங்கு பற்றிப் பெரிய சர்ச்சையே நடந்து, 2025 ஜூலையில் வெளியான ஆய்வறிக்கை அவர்களின் பெயரையும் பணி எல்லையையும் மாற்றப் பரிந்துரைத்தது. வளைகுடா என்று எந்த முகவராவது சொன்னால், எந்தப் பதவிப் பெயரில், எந்த உரிமத்தோடு என்பதை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். மேசையிலேயே ஒரு நோயாளியை இழந்த நாளில் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள்? வெளியே காத்திருக்கிற குடும்பத்தின் முகத்தை முதலில் பார்ப்பது பெரும்பாலும் நாம்தான். அதை அப்படியே வீட்டுக்குத் தூக்கிப்போகிறவர்கள் பலர். உடன் வேலை செய்கிற ஒருவரிடமாவது அன்றே பேசிவிடுங்கள். இரவில் தனியாக இருக்கும்போது தாங்க முடியவில்லை என்றால் அரசின் டெலி-மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

இந்த வாரம் டாப்ளர் ஸ்கேன், வயிற்று ஸ்கேன், சர்க்கரை, ஹீமோகுளோபின், ஆன்டி-எச்பிஎஸ் ஆகியவற்றை ஒரே நாளில் கொடுத்துவிடுங்கள். ஊழியர்களுக்கான சலுகை இருக்கிறதா என்றும் கேளுங்கள். துறைத் தலைவரிடம் நைட் பட்டியலைப் பற்றிப் பேசும் முன் கடந்த மூன்று மாதப் பட்டியலை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். வெறுங்கையோடு போய்ப் பேசுவதைவிட அது பலிக்கும். பரிசோதனை முடிவுகள் வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்பதை அந்த எண்களைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா